மெழுகு வைத்த காது

அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, காதை. செங்கற்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் வாடகைக்கு எடுத்த அறையின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டு வாசலில், இடுப்பில் ஓர் ஆண் குழந்தையுடன் நின்றிருந்த பெண், என் இடது காதையும் நான் திரும்பியதும் வலது காதையும் உற்றுப் பார்த்தார். அதன் பிறகே கண்ணைப் பார்த்தார்.

"சார் காதுல நல்லாத் தெரியற மாரி ஓட்டை கீது. நீங்க கொழும்புக்குப் போவாதீங்க," என்றார்.

கொழும்புக்குப் போகும் எண்ணம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. அப்போதுதான் பி.ஏ. முடித்து, திருக்கழுக்குன்றம் வளர்ச்சி வட்டாரத்தில் சமூகக் கல்வி அமைப்பாளராகச் சேர்ந்திருந்தேன். கிராமங்களுக்குப் போய் முதியோர் வகுப்புகள் தொடங்குவதும், மூடநம்பிக்கைகளைப் பற்றிப் பேசுவதும் என் வேலை. ஐம்பத்தேழாம் ஆண்டு அது. நாடு தன்னைத் தானே திருத்திக்கொண்டுவிடும் என்று நான் முழுமனத்தோடு நம்பிய காலம்.

தெரு அவரைச் சிலோன்காரி என்றது. கோபம் வந்த நாட்களில் சிங்களத்தி என்றது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. அவரே அதை மாமியார் சூட்டிய ஒரு தமிழ்ப் பெயருக்குள் ஒளித்து வைத்திருந்தார். எதையும் ஒளித்து வைப்பதில் அவர் தேர்ந்தவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. வீட்டில் அரிசி இல்லையென்றாலும் அடுப்பு புகையும். "வெளிய தெரியாத வரைக்கும் ஒண்ணும் ஆவாது சார்," என்பார். அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் அதுதான்.

ஆனால் பேச்சை மட்டும் அவரால் ஒளிக்க முடியவில்லை. தமிழை அவர் கணவரிடம் மட்டுமே கற்றவர், கணவர் செங்கற்பட்டுக்காரர். ஆகையால் களுத்துறைப் பக்கத்துக் கடலோரத்தில் பிறந்த அந்தப் பெண், எங்கள் தெருவில் பிறந்தவர்களைவிட அழுத்தமாக "கீது" என்றும் "வந்துகினு" என்றும் பேசினார். இடையில் நெஞ்சு பதறும்போது மட்டும் "அனே!" என்ற சிங்களச் சொல் நழுவி விழும். உடனே வாயைப் பொத்திக்கொள்வார்.

அவருடைய கணவர் கொழும்பில் ஒரு தையற்கடையில் வேலை செய்துவந்தார். பௌர்ணமி விரதத்துக்கு வெள்ளை ரவிக்கை தைக்கக் கொடுக்க இவர் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்.

"ஒரு கைய சின்னதா வெட்டிட்டாரு. சரிபண்ணித் தரேன், வாங்கன்னாரு. போனா, இன்னும் சரியாவல. மூணு வாட்டி தப்பா வெட்டினாரு சார். அவரு ஊர்லயே நல்ல டெய்லரு!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே சொன்னார்: "எம்புள்ளைக்கு வெட்டத் தெரியாம இல்ல. இவளுக்குத்தான் வேற கடைக்குப் போவத் தெரியல."

"போயிருந்தா உங்களுக்கு இந்தப் பேரன் ஏது அத்தை?"

மாமியார் சிரிப்பைக் கீரைக்குள் மறைத்தார். அந்த வீட்டில் மறைக்கும் பழக்கம் இருவருக்கும் இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திருமணத்துக்குப் பிறகு இவருடைய வீட்டார் இவரைத் தலைமுழுகிவிட்டார்கள். ஐம்பத்தாறில் அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்து தமிழர்கள் அடிபட்டபோது, கைக்குழந்தையோடு இவரைத் தம் தாயிடம் அனுப்பிவிட்டுக் கணவர் அங்கேயே தங்கினார். சொந்தமாக வாங்கிய தையல் இயந்திரத்தை விட்டு வர அவருக்கு மனமில்லை. நிலைமை அடங்கியதும் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த வாக்கின்மேல்தான் இவர் செங்கற்பட்டில் உட்கார்ந்திருந்தார், வேர் விடவில்லை.

இவர் இலங்கையிலிருந்து கொண்டுவந்தவற்றுள் அந்த வெள்ளை ரவிக்கையும் ஒன்று. ஒரு பௌர்ணமியன்று அதை அணிந்து வெள்ளைச் சேலையும் கட்டி வாசலுக்கு வந்தார். மாமியார் பதறிப்போய் உள்ளே இழுத்தார். "இன்னாடி இது கோலம்! புருசன் கல்லு மாரி உயிரோட கீறான், வெள்ளை கட்டிகினு நிக்கிறே?" அவர்கள் ஊரில் வெள்ளை விரதத்துக்கு உடுத்துவது, எங்கள் தெருவில் தாலியறுத்தவள் உடுத்துவது. இவர் ரவிக்கையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

காது விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. குழந்தைக்கு இரண்டு வயது கடந்தும் காது குத்தவில்லை. மாமியார் தினமும் நச்சரிப்பார். இவர், "அவரு வரட்டும்" என்று தள்ளிப்போடுவார். சடங்கை எதிர்க்கும் துணிவுள்ள ஒரு பெண் என் அண்டை வீட்டிலேயே இருக்கிறாள் என்று நான் மகிழ்ந்துபோனேன். முதியோர் வகுப்பில் அவரை உதாரணமாகக் காட்டலாமா என்றுகூடக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சார், அங்க சண்டை வந்தப்ப எங்க தெருவுல ஒருத்தன் கத்திகினு ஓடினான், 'காதைப் பாரு, காதைப் பாரு'ன்னு. எங்க ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு காது குத்தறதில்ல. உங்காளுங்க குத்துவாங்க. இந்தக் காது முழுசா இருந்தா எம்புள்ள அங்கயும் பொழைப்பான், இங்கயும் பொழைப்பான்."

"உங்கள் கணவருக்கு?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தையற்காரர்கள் நூல் முறுக்கேறி நிற்பதற்காகத் தேன்மெழுகில் இழுப்பார்கள். அந்த மெழுகில் கொஞ்சம் கிள்ளி, தோல் நிறம் வருவதற்குக் காவிப் பொடி சேர்த்து, கணவரின் காதுத் துளைகளை ஒவ்வொரு நாள் காலையும் இவரே அடைத்து அனுப்புவாராம். பேச்சிலும் குறை வைக்கவில்லை. சிங்களத்தை எந்தச் சிங்களவரும் ஐயுறாதபடி கணவருக்குக் கற்பித்திருந்தார்.

"நான் இங்க வந்தப்புறம் அவரே வச்சிக்கிறாரு. கண்ணாடியில பாத்தாக்கூடத் தெரியாது சார்," என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் நான் கண்ட ஒரே பெருமிதம் அதுதான்.

ஒருமுறை அச்சரப்பாக்கத்தில் உறவினர் திருமணத்துக்குப் போக மாமியாரும் அவரும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். நானும் அந்த வண்டிக்குத்தான் நின்றிருந்தேன். நடைமேடைப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளின்மேல் எப்போதோ பூசப்பட்ட தாரின் கறை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் குழந்தையின் தலையைச் சேலையால் மூடினார்.

"இங்கயும் தாரா சார்?"

இந்தி எதிர்ப்பின் நியாயங்களை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அந்த நியாயங்களில் எனக்கு இன்றும் உடன்பாடு உண்டு. "இங்கே எழுத்தின்மேல் மட்டும்தான் தார் பூசுவார்கள், மனிதர்களை ஒன்றும் செய்யமாட்டார்கள்," என்று முடித்தேன்.

"அங்கயும் மொதல்ல எழுத்துல தான் சார் ஆரம்பிச்சாங்க," என்றார்.

வண்டி வந்துவிட்டது.

ஐம்பத்தெட்டின் கோடையில் அங்கே கார்களின் எண்பலகைகளிலும் கடைப்பலகைகளிலும் மீண்டும் தார் பூசத் தொடங்கினார்கள். இரு இனத் தலைவர்களுக்கும் இடையே ஏற்பட்டிருந்த உடன்படிக்கை முறிந்தது. நான் மாலையில் வேலையிலிருந்து திரும்பியதும் அவர் மாமியாரோடு வந்து உட்காருவார். நாளிதழில் இலங்கைச் செய்திகளைப் படித்துக் காட்டுவேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வைகாசியில் கொலைச் செய்திகள் வந்தன. நான் சில வரிகளை விட்டுவிட்டுப் படிப்பதை அவர் கண்டுபிடித்துவிடுவார். "கண்ணு கீழ போயி மேல வருது. வுட்டத படிங்க சார்."

படித்தேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அங்க வெயில் எப்படின்னு போட்டுக்கீறானா?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் படாளத்துக்காரர் ஒருவர். அந்தத் தையற்கடைக்குப் பக்கத்து ரொட்டிக்கடையில் வேலை செய்தவர். கலவரத்துக்குப் பின் கப்பலில் தப்பி வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் துணிப்பையோடு வந்து நின்றார். மாமியார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சீக்கிரம் வாங்க. சிலோன்லேருந்து ஆளு வந்துகீறாரு."

வந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் அண்ணாத்தையும் ஒரே பஸ்ஸுல தான் வந்துகினு இருந்தோம். நடுரோட்டுல நிறுத்தினானுங்க. ஆம்பளைங்கள எறக்கி வரிசையா நிக்க வச்சி, பேசுடான்றான். அண்ணாத்த அவன விட ஜோராப் பேசறாரு. ஊரு எதுன்னான். பொஞ்சாதி ஊரச் சொன்னாரு. தெருவு, விகாரை, அங்க இருக்கற சாமியாரு, ஒண்ணு வுடாம சொல்றாரு. ஒரு பெருசு, 'வுடுங்கடா, நம்ம ஆளு'ன்னுட்டான். அண்ணாத்த பஸ்ஸுல ஒரு காலக்கூட வச்சிட்டாரு."

மாமியார் வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு காலை அப்படியே நிறுத்திவைக்க முடியும் என்பதுபோல.

"வெயிலு. எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது. பின்னாடி நின்னவன் அண்ணாத்த காதையே பாத்துகினு இருந்தான். ஏதோ மினுமினுன்னு கீதுன்னு கிட்ட வந்தான். நகத்தால சுரண்டினான். மெழுகு வந்துது."

குழந்தை உள்ளே எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"வெறும் ஓட்டையா இருந்தா பொழச்சிருப்பாரும்மா. அவனுங்க கும்பல்லயே ஒரு கெழவனுக்குக் காது குத்தி இருந்துது, நானே பாத்தேன். அவனக் காட்டி எதனா சொல்லித் தப்பிச்சிருக்கலாம். மெழுகுக்கு இன்னா பதில் சொல்றது? எந்தப் புத்திசாலி சொல்லிக் குடுத்தானோ, பாவம்."

மருமகள் வாசற்படிக்கு உள்ளே, வந்தவருக்குக் கொடுக்கத் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். அருகில் வந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நீங்க எப்படிப் பொழச்சீங்க?" என்று கேட்டார்.

படாளத்துக்காரர் தலையைச் சாய்த்துத் தம் காதைக் காட்டினார். அது முழுதாக இருந்தது. "எங்க நைனாவுக்குக் காது குத்து வைக்க வக்கில்ல. அடுத்த வருசம், அடுத்த வருசம்னே செத்துப் பூட்டாரு. அதான் கீறேன்."

வந்தவர் போன பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் போன்ற ஒரு வழக்கை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "நான் குத்தின ஓட்டை! திருக்கழுக்குன்றத்துல எங்க அண்ணன் மடியில உக்கார வச்சி, திமிரத் திமிரப் புடிச்சிகினு நான் குத்தின ஓட்டை! எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்."

"ஓட்டை கொல்லல அத்தை. மெழுகு தான். நான் வச்ச மெழுகு."

"ஓட்டை இல்லன்னா மெழுகு எதுக்குடி?"

"மெழுகு இல்லன்னா ஓட்டைய எவன் சுரண்டிப் பாத்திருப்பான்? உருகாதான்னு எனக்குத் தெரியாதா அத்தை? வெயிலுக்கு உருகும்னு தெரிஞ்சிதான் தெனம் புதுசா வச்சேன்."

ஒரு மனிதனின் மரணத்தைத் தனக்கே சொந்தம் என்று இருவரும் இழுத்தார்கள். எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் நான் குறுக்கிட்டேன். "அம்மா, கொன்றவர்கள் வேறு யாரோ. நீங்கள் இருவரும் அல்ல."

இருவரும், சம்பந்தமில்லாத எதையோ சொல்லிவிட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். மாமியார்தான் பேசினார்: "அவன் யாருன்னு தெரியாதே தம்பி. எங்களத்தானே எங்களுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அவர்கள் ஒரே பாயில் படுத்தார்கள்.

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்கு மகன் தீ மூட்ட வேண்டும் என்றார் புரோகிதர். காது குத்தாத பிள்ளை கொள்ளி வைத்தால் தகப்பனுக்குப் போய்ச் சேராது என்பது தெருவின் நம்பிக்கை. காது குத்துவதோ மங்கல காரியம். சாவு விழுந்த வீட்டில் ஓர் ஆண்டுக்குச் செய்யலாகாது. குத்தாமல் கருமம் இல்லை, கருமம் முடியாமல் குத்துவதற்கில்லை. மேளமும் விருந்தும் சீரும் இல்லாமல், கடற்கரையில், கொள்ளிக்குச் சற்று முன்பு துளையை மட்டும் போட்டுவிடலாம் என்று புரோகிதர் ஒரு வழி சொன்னார்.

குழந்தையின் தாயிடம் தனியாகப் பேசினேன். எனக்குத் தெரிந்த விளைவுகளையெல்லாம் எடுத்து வைத்தேன். குழந்தையோடு என்றேனும் இலங்கைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இந்தத் துளை அதை அடைத்துவிடும். குத்த மறுத்தால் தெருவும் உறவும் அவரை விலக்கிவைக்கும். ஆயினும் மாமியார் விலக்கமாட்டார் என்று நான் நினைத்தேன். மறுக்கத் துணிந்தால் நானும் உடன் நிற்பேன் என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காது குத்தும்போது மாமன் மடியிலதானே உக்கார வைக்கணும்?" என்றார்.

"ஆமாம். தாய்மாமன்."

"எனக்கு அண்ணன் கீறாரு சார். நல்லவரு. சின்ன வயசுல தோள்ல தூக்கிகினு கடல் காட்டுவாரு." நிறுத்தினார். "அன்னிக்கு அவரு எந்த ரோட்டுல நின்னாருன்னு எனக்குத் தெரியாது."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க," என்றார்.

தாய்மாமன் மடி என்பது ஒரு நாள் வேலை அல்ல. அந்தப் பிள்ளையின் படிப்பும் திருமணமும் நோயும், ஒருநாள் அவன் தாயின் சாவும் அந்த மடிக்கு உரியவை. எனக்கு அப்போது திருமணம்கூட ஆகவில்லை. எண்ணிப் பார்க்க ஓர் இரவு கேட்டேன். காலையில் சரி என்றேன்.

மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கட்டுமரங்களை ஏற்றி வைத்திருந்த இடத்தையும் தாண்டி மணலில் உட்கார்ந்தோம். அவர் அந்த வெள்ளை ரவிக்கையை அணிந்து வந்திருந்தார். அதன் ஒரு கை மற்றதைவிடக் குட்டையாகவே இருந்தது. உறவினர்களின் கண்ணுக்கு அது விதவையின் வெள்ளை. அவர் அதை எதற்காக உடுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

குழந்தை என் மடியில் இருந்தது. காது குத்த வந்த பத்தர் மடலில் குங்குமப் பொட்டு வைத்து, மெல்லிய பொற்கம்பியை எடுத்தார்.

"பெரிசா குத்துங்க," என்றார் அவர்.

பத்தர் நிமிர்ந்தார். "கொழந்தைம்மா. ஊசி மொனை அளவு போதும். அப்புறமா தானாப் பெரிசாவும்."

"இப்பவே பெரிசா குத்துங்க. தூரத்துலேருந்தே தெரியணும். எவனும் கிட்ட வந்து, காதப் புடிச்சி, சுரண்டிப் பாக்கற வேலையே இருக்கக் கூடாது."

பத்தர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் குழந்தையின் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "அவ சொல்றத செய்யி," என்றார்.

பத்தர் கம்பியை வைத்துவிட்டுத் தடித்த ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. என் வேட்டியில் இரத்தம் சொட்டியது. அடுத்த காதுக்கு அவனைத் திருப்பிப் பிடிக்க என் முழு வலிமையும் வேண்டியிருந்தது. அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒளிக்க எதுவும் இல்லாதவரைப் போல.

பிறகு என் மடியிலிருந்து இறக்கி அவன் கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். பிஞ்சுக் கையைப் புரோகிதர் சேர்த்துப் பிடித்துத் தர்ப்பையில் வைத்தார். கடற்காற்றுக்கு அது உடனே பற்றியது. குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொள்ள முடியாமல், தோளில் தேய்த்துத் தேய்த்து, கடல் இரைச்சலையும் மீறிக் கதறியது.

படகடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"இத்தினியூண்டு புள்ள, அப்பனுக்கு எப்படி அழுவுது பாரு!"

அவர் அதை மறுக்கவில்லை.